ஷூஷோயன் போறீங்களா? முதல் தடவை ஸ்கீ மாட்டப் போறவங்களுக்கு

ஓஸ்லோவுக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்துல திங்கக்கிழமை காலையில ஆபீஸ்ல காபி மெஷின் பக்கம் போனா எல்லாரும் பேசுறது ஒரே விஷயம்தான், வீக்கெண்ட் எங்க ஸ்கீ போனோம், தடம் எப்படி இருந்துச்சு, மெழுகு பிடிச்சுதா இல்லையான்னு. எனக்கு ஒண்ணும் புரியல. ஸ்கீயிங்னா லிஃப்ட்ல ஏறி மலை உச்சிக்குப் போய் அங்கேர்ந்து சர்ர்னு இறங்குறதுன்னு நினைச்சு, அது நமக்கு வேண்டாம்னு நாலு வருஷம் அந்தப் பக்கமே போகல. அந்த நாலு வருஷம் வீணாப் போச்சேன்னு இன்னிக்கும் வருத்தமா இருக்கு. புதுசா வர்றவங்க யாரும் அப்படி விட்டுடக் கூடாதுன்னுதான், ஷூஷோயன்ங்கிற ஸ்கீ ஊரை வச்சு இதை எழுதுறேன்.

அவங்க பேசுறது க்ராஸ் கன்ட்ரி ஸ்கீயிங். நார்வேஜியன்ல லாங்ரென். அது சறுக்குறது இல்லைங்க, நடை. ஷூவோட முன்பக்கம் மட்டும்தான் கட்டையில மாட்டியிருக்கும், குதிகால் தூக்கி வைக்கலாம், அதனால நடக்குற மாதிரியே ஒரு காலை உந்தி இன்னொரு காலை வழுக்க விட்டுப் போகலாம். பனி விழுந்தா முழங்கால் வரைக்கும் புதையுற ஊர்ல வேட்டைக்கும் விறகுக்கும் பக்கத்து ஊருக்கும் போக ஆயிரக்கணக்கான வருஷமா இருக்குற வழி அது. ஸ்கீங்கிற வார்த்தையே பழைய நார்ஸ் மொழியில பிளந்த மரத்துண்டுன்னு அர்த்தம். (ஊர்க்காரங்க அதை ஷீன்னு சொல்வாங்க, ஸ்கீன்னு சொன்னாலும் புரிஞ்சுப்பாங்க.)

ஏன் ஷூஷோயன்?

நார்வேல ஸ்கீ ஊருக்குப் பஞ்சமே இல்ல, யெய்லோ இருக்கு, பெய்த்தோஸ்தோலன் இருக்கு, ஆனா ஓஸ்லோலேர்ந்து முதல் தடவை போறவங்களுக்கு நான் சொல்றது ஷூஷோயன்தான். ஓஸ்லோவுக்கு வடக்க இருக்குற லில்லெஹாம்மர் ஊர்லேர்ந்து சுமார் 20 கிலோமீட்டர் மேல, ரிங்சாக்கர் நகராட்சியில இருக்கு. கடல் மட்டத்துலேர்ந்து 800 மீட்டருக்கு மேல இருக்குறதால ஓஸ்லோல மழை பெய்ஞ்சு சாலையெல்லாம் சேறா இருக்குற நாள்லகூட அங்க பனி நிக்கும், பல வருஷம் நவம்பர்ல ஆரம்பிச்சு ஏப்ரல் கடைசி வரைக்கும். முக்கியமான காரணம் என்னன்னா அது கூரான மலை இல்ல, அலை அலையா மேடும் பள்ளமுமா அகலமா விரிஞ்ச மேட்டு நிலம், நடுவுல உறைஞ்ச ஏரி, குட்டை குட்டையா பிர்ச் மரமும் ஸ்ப்ரூஸ் மரமும். 300 கிலோமீட்டருக்கு மேல தடம் போட்டு வச்சிருக்காங்க. 3 கிலோமீட்டர் போய்த் திரும்பலாம், நாள் முழுக்கவும் போகலாம், அது உங்க இஷ்டம்.

அந்தக் காலத்துல அது கோடையில மாடு மேய்க்குற இடம். கீழ பண்ணையில இருக்குறவங்க ஜூன் மாசம் மாட்டை மேல ஓட்டிட்டு வந்து, அங்கயே தங்கி பால் கறந்து வெண்ணெயும் சீஸும் செய்வாங்க, அந்த மேய்ச்சல் குடிசைக்கு சேத்தர்னு பேரு. இப்ப அதே மேட்டுல விடுமுறை வீடுங்க, ஹித்தேன்னு சொல்வாங்க. நார்வே முழுக்க 4 லட்சத்துக்கு மேல ஹித்தே இருக்கு, எந்த நகராட்சியில அதிகம்னு பார்த்தா ரிங்சாக்கர்தான் முன்னாடி நிக்கும், 7 ஆயிரத்துக்கும் மேல.

எப்பப் போறது

என்னைக் கேட்டா மார்ச். டிசம்பர்ல மூணு, மூணரைக்கே இருட்டிடும், ஜனவரியில மைனஸ் 20 வரைக்கும் போற நாள் உண்டு, அதுல முதல் தடவை போனா குளிர்தான் ஞாபகம் இருக்கும். மார்ச்ல பனி நிறைய இருக்கும், பகல் நீளம், வெயில்ல உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கலாம். பிப்ரவரியில ஸ்கூல் லீவு வாரம் வரும், ஓஸ்லோ பிள்ளைங்களுக்கு வழக்கமா வருஷத்தோட எட்டாவது வாரம், அப்ப வாடகையும் கூட்டமும் ரெண்டுமே எகிறும். ஈஸ்டரும் அப்படித்தான், ஊரே மலைக்குப் போயிடும்.

மார்ச்ல ஒரு வீக்கெண்டை மட்டும் பார்த்து வச்சுக்கோங்க. அப்பதான் பிர்க்கெபெய்னர் ஸ்கீ ரேஸ் நடக்கும், ரேனாங்கிற ஊர்லேர்ந்து மலையைத் தாண்டி லில்லெஹாம்மர் வரைக்கும் 54 கிலோமீட்டர், அது ஷூஷோயன் வழியாத்தான் வரும். 1932லேர்ந்து நடக்குது. ஓடுற ஒவ்வொருத்தரும் முதுகுல குறைஞ்சது 3.5 கிலோ பை சுமக்கணும், அது ஒரு குழந்தையோட கணக்கு. 1206ல உள்நாட்டுச் சண்டை நடந்தப்ப, ஒன்றரை வயசு இளவரசன் ஹோக்கோனை எதிரிங்க கையில சிக்காம ரெண்டு வீரர்கள் ஸ்கீயில தூக்கிக்கிட்டு லில்லெஹாம்மர்லேர்ந்து மலையைக் கடந்து எஸ்தர்தாலன் பள்ளத்தாக்குக்குக் கொண்டு போனாங்க. அந்தக் கட்சிக்காரங்க வறுமையில காலுக்கு பிர்ச் மரப்பட்டையைச் சுத்திக்கிட்டவங்க, பிர்க்கெபெய்னர்ங்கிற பேருக்கே பிர்ச்-கால்காரங்கன்னுதான் அர்த்தம். அந்தக் குழந்தை 1217ல ராஜாவாச்சு. ரேஸ் அதே மலையை எதிர்த் திசையில கடக்குது. ரேஸ் பாக்க ஆசைன்னா அன்னிக்கே போங்க, தடத்துல ஓரமா நின்னு கை தட்டுங்க, கத்துக்கணும்னா வேற நாள்.

போய்ச் சேர்றது

கார் இருந்தா ஓஸ்லோலேர்ந்து இ6 சாலையில வடக்க போகணும், மியோசா ஏரி கூடவே வரும், அப்புறம் பிரிஞ்சு மெஸ்னாலி கிராமம் வழியா மேல ஏறணும். மொத்தம் ரெண்டரை மணி நேரம் வச்சுக்கோங்க. விண்டர் டயர் இல்லாம கிளம்பவே கிளம்பாதீங்க, வாடகைக் காரா இருந்தாலும் என்ன டயர்னு கேட்டுட்டுச் சாவி வாங்குங்க. எலெக்ட்ரிக் கார் வச்சிருக்கவங்க குளிர்ல ரேஞ்ச் நல்லாவே குறையும்கிறதையும் கடைசி ஏத்தத்தையும் கணக்குல சேர்த்து லில்லெஹாம்மர்லயே சார்ஜ் போட்டுடுங்க.

கார் இல்லையா, பிரச்சனையே இல்ல. ஓஸ்லோ எஸ் ஸ்டேஷன்லேர்ந்து லில்லெஹாம்மருக்கு ட்ரெயின், ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும், ஸ்டேஷன் வாசல்லேர்ந்தே மேல பஸ் இருக்கு. என்தூர் ஆப்ல ஷூஷோயன்னு போட்டா ரெண்டையும் சேர்த்துக் காட்டும். திரும்பி வர பஸ்ஸையும் அப்பவே பார்த்துடுங்க, வீக்கெண்ட்ல கம்மியா இருக்கும்.

ஸ்கீ வாங்காதீங்க

இதை அழுத்திச் சொல்றேன், முதல் வருஷம் எதையும் வாங்காதீங்க. ஷூஷோயன்லயே வாடகைக்குக் கிடைக்கும். இல்லன்னா நார்வேல பல ஊர்ல பூஆன்னு ஒரு இடம் இருக்கு, லைப்ரரி மாதிரி, ஸ்கீ, ஷூ, கம்பு, குழந்தையை வச்சு இழுக்குற பல்க் வண்டி எல்லாமே இலவசமா எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொடுக்கலாம். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளையும் பனியில விளையாடணும்னு ஆரம்பிச்சது அது, எனக்கு இந்த நாட்டுல ரொம்பப் பிடிச்ச விஷயங்கள்ல ஒண்ணு.

வாடகைக் கடையில போய் ஃபெல்லெஷீ வேணும்னு கேளுங்க. ஏன்னு சொல்றேன், இது புரிஞ்சா பாதி ஸ்கீயிங் புரிஞ்ச மாதிரி. ஸ்கீயை தரையில வச்சுப் பாருங்க, நடுவுல வில்லு மாதிரி கொஞ்சம் மேல தூக்கியிருக்கும். ரெண்டு கால்லயும் சமமா நின்னா அந்த நடுப்பகுதி பனியைத் தொடாது, முன்னும் பின்னும் மட்டும் வழுக்கும். ஒரே கால்ல முழு எடையையும் போட்டு அழுத்தினா நடுப்பகுதி கீழ இறங்கி பனியைப் பிடிக்கும், அந்தப் பிடிப்புல உந்தித்தான் முன்னாடி போறோம். அந்த நடுப்பகுதியில பிடிப்புக்கு என்ன வைக்கிறதுங்கிறதுதான் பெரிய கதை. பழைய முறை மெழுகு, ஸ்மோரிங்னு சொல்வாங்க. குளிர் ஜாஸ்தின்னா பச்சை, அதுக்கு அடுத்து நீலம், சுழியம் பக்கத்துல வந்தா ஊதா, அதுக்கும் மேல சிவப்பு, பழைய பனி உருகி ஐஸா ஆயிடுச்சுன்னா ட்யூப்ல வர்ற பிசின் மாதிரி க்ளிஸ்டர். நிறம் தப்பாப் போச்சுன்னா ஒண்ணு பின்னாடி வழுக்கும், இல்லன்னா பனி கட்டியா ஒட்டிக்கும். ஃபெல்லெஷீயில அதுக்குப் பதிலா மோஹேர் ஆட்டு ரோமத்துல செஞ்ச பட்டை ஒட்டியிருக்கும், பூனை முதுகைத் தடவுற மாதிரி, முன்னாடி போறப்ப வழவழன்னு இருக்கும், பின்னாடி தள்ளினா சிலிர்த்துக்கிட்டுப் பிடிக்கும். மெழுகுத் தொல்லையே இல்ல.

அதனாலதான் ஸ்கீ எடுக்குறப்ப உயரத்தை விட எடை முக்கியம். கடையில கேட்டா கூச்சப்படாம சரியான எடையைச் சொல்லுங்க, குறைச்சுச் சொன்னா நீங்க அழுத்தாதப்பவும் பட்டை பனியைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும், ஒரு அடி வழுக்காது. கம்பு தோள் உயரத்துக்கு வரணும். ஷூவுக்குள்ள விரல் அசைக்க இடம் இருக்கணும், இறுக்கமா இருந்தா ரத்தம் ஓடாது, விரல் மரத்துப் போகும்.

உடுப்பு

ஜீன்ஸ் வேண்டாம், காட்டன் பனியன் வேண்டாம், காட்டன் சாக்ஸ் வேண்டவே வேண்டாம். ஸ்கீ போறப்ப நல்லா வேர்க்கும், காட்டன் அந்த வேர்வையைக் குடிச்சு வச்சுக்கும், நீங்க நின்ன அஞ்சாவது நிமிஷம் அது ஈரத்துணியா உடம்புல ஒட்டி சில்லுன்னு இழுக்கும். தோலை ஒட்டி மெல்லிசான கம்பளி, மேலயும் கீழயும். அதுக்கு மேல காத்தைத் தடுக்குற மெல்லிசான ஜாக்கெட், பேன்ட். அவ்வளவுதான் ஓடுறப்ப. தடிமனான ஜாக்கெட்டைப் பையில போடுங்க, உட்காரும்போது முதல் வேலையா அதை மாட்டணும், குளிர ஆரம்பிச்ச அப்புறம் இல்ல. கிளம்புறப்ப லேசா குளிர்ற மாதிரி இருந்தா உடுப்பு சரின்னு அர்த்தம், பத்து நிமிஷத்துல சூடாயிடுவீங்க.

பையில இன்னும் என்னென்ன: மாத்து கையுறை, காஞ்ச சாக்ஸ், கருப்புக் கண்ணாடி, சன்ஸ்க்ரீம் (மார்ச் வெயில் பனியில பட்டு கீழேர்ந்தும் அடிக்கும், நம்ம தோல் கருப்புதானேன்னு விட்டுடாதீங்க, மூக்கும் உதடும் உரிஞ்சு போகும்), தலையில மாட்டுற லைட், உட்கார்றதுக்கு சின்ன ஃபோம் அட்டை. அந்த அட்டை சாதாரணமாத் தெரியும், ஆனா அது இல்லாம பனியில உட்கார முடியாது. ஃபோனை உள்பாக்கெட்ல உடம்போட ஒட்டி வைங்க, வெளியில வச்சா குளிர்ல பேட்டரி சட்டுனு உட்கார்ந்துடும்.

சாப்பாடு பத்தி ஒரு வார்த்தை. எலுமிச்சை சாதம் கட்டிட்டுப் போனேன், மைனஸ் 8ல அரிசி அப்படியே விறைச்சு மணல் மாதிரி ஆயிடுச்சு. சப்பாத்தி ரோல் நல்லா தாங்கும். ஃப்ளாஸ்க்ல சூடா ரசம் எடுத்துட்டுப் போய்ப் பாருங்க, உறைஞ்ச ஏரிக்கரையில மிளகு ரசம் குடிக்கிற சுகம் வேற எதுலயும் இல்ல. கூட ஆரஞ்சும் க்விக் லுன்ஷ் சாக்லேட்டும், அது 1937லேர்ந்து வருது, இங்க மலைக்குப் போற எல்லார் பையிலயும் இருக்கும்.

தடத்துல முதல் நாள்

கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு ஆப் பாருங்க. வானிலைக்கு யர், அதுல வெப்பநிலையை மட்டும் பாக்காம காத்தையும் பாருங்க, திறந்த மேட்டுல மைனஸ் 6ம் பலமான காத்தும் சேர்ந்தா மைனஸ் 15 மாதிரி அறையும். தடத்துக்கு ஸ்கிஸ்போரே, எந்தத் தடத்துல தடம் போடுற மெஷின் எப்பப் போச்சுன்னு நிறத்துல காட்டும், புதுசா போட்ட தடத்துல போங்க.

காலையில பத்து மணிக்கு முன்னாடி பார்க்கிங் போயிடுங்க, நல்ல நாள்ல இடம் கிடைக்காது. ஆல்பைன் சரிவும் ஸ்டேடியமும் இருக்குற நாத்ருத்ஸ்தீலன்ல ஆரம்பிக்கலாம், இல்ல ஊர் நடுவுலேர்ந்து ஏரிப் பக்கம் போகலாம். புதுசா வர்றவங்களுக்கு ஏரியைச் சுத்திப் போற சமமான தடம்தான் நல்லது.

தடத்துல ரெண்டு கோடு ஆழமா ரயில் தண்டவாளம் மாதிரி போட்டிருக்கும், அதுதான் உங்களுக்கு. பக்கத்துல அகலமா வழவழன்னு இருக்குறது ஸ்கேட்டிங் ஸ்டைல்ல ஸ்கீ பண்றவங்களுக்கு. முதல்ல கம்பு ரெண்டையும் ஓரமா வச்சுட்டு வெறும் ஸ்கீயோட பத்து நிமிஷம் நடங்க. கம்பு கையில இருந்தா அதுல சாய்ஞ்சு நிப்போம், கால் கத்துக்காது. முழங்காலை லேசா மடக்கி, உடம்பைக் கொஞ்சம் முன்னாடி சாய்ச்சு, ஒரு காலை நல்லா கீழ அழுத்தி உந்தி, இன்னொரு கால்ல முழுசா எடையைப் போட்டு வழுக்குங்க. எடை முழுசா மாறணும், அதுதான் விஷயமே. அது பிடிபட்ட உடனே ஒரு தாளம் வந்துடும், அப்புறம் கம்பை எடுங்க, நடக்குற மாதிரியே எதிர்க் கை எதிர்க் கால்.

ஏத்தம் வந்தா ஸ்கீ முனையை வெளியில விரிச்சு வி மாதிரி வச்சு, உள்விளிம்பை அழுத்தி ஏறணும். பனியில விழுற அடையாளத்தைப் பார்த்து மீன்முள்னு பேரு வச்சிருக்காங்க. இறக்கத்துல அதுக்கு நேர்மாறு, முனை ரெண்டும் கிட்ட, வால் ரெண்டும் அகலமா, உள்விளிம்பை அழுத்தினா வேகம் குறையும். ஒரு காலைத் தடத்துலயே வச்சு இன்னொரு காலை மட்டும் வெளியில எடுத்து ப்ரேக் போடுறது இன்னும் சுலபம். ரொம்ப செங்குத்தா தெரிஞ்சா கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு ஓரமா இறங்குங்க, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.

விழுவீங்க. எல்லாரும் விழுவாங்க. வேகம் கையை மீறிப் போறது தெரிஞ்சா பக்கவாட்டுல பின்புறத்தை வச்சு உட்கார்ற மாதிரி விழுங்க, கையை ஊனாதீங்க, மணிக்கட்டு போயிடும். எழுந்திருக்கணும்னா ரெண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்கால வச்சு, முட்டி போட்டு, அப்புறம் எழுந்திரிங்க. முக்கியமா விழுந்த உடனே தடத்தை விட்டு நகருங்க, பின்னாடி வர்றவர் நின்னுக்க முடியாது. இறங்கி வர்றவருக்குத்தான் வழி, ஏறுறவங்க ஒதுங்கணும். வலப்பக்கமாப் போங்க. தடத்து மேல செருப்பு, ஷூ போட்டு நடக்கவே நடக்காதீங்க, குழந்தையையும் நடக்க விடாதீங்க, ராத்திரியெல்லாம் மெஷின் ஓட்டிப் போட்ட கோடு ஒரே நடையில போயிடும், அதுல வேகமா வர்றவர் காலும் உடையலாம். தடம் போட நன்கொடை கேட்டு போர்டு வச்சிருந்தா பணம் அனுப்புற விப்ஸ் ஆப்ல கொடுத்துடுங்க, அந்த வேலைக்கு அது தகும்.

எதிர்ல வர்றவங்க ஹேய்னு சொல்வாங்க, நீங்களும் சொல்லுங்க. ஓஸ்லோ பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர்கூட பேசாத ஊர்ல மலையில மட்டும் எல்லாரும் எல்லாருக்கும் ஹேய் சொல்வாங்க, எனக்கு இன்னிக்கும் அது ஆச்சரியமாவும் சந்தோஷமாவும் இருக்கு.

முதல் நாள் 5 கிலோமீட்டர் போதும். போறது மட்டும் இல்ல, திரும்பி வர்றதையும் சேர்த்து. பாதி பலம் இருக்கும்போதே திரும்பிடணும். நார்வேல மலை விதிகள்னு 9 விதி வச்சிருக்காங்க, 1967 ஈஸ்டர்ல மலையில 18 பேர் செத்த அப்புறம் வீடு வீடாப் பரவினது. அதுல எட்டாவது விதி, நேரத்தோட திரும்பு, திரும்புறதுல வெட்கம் இல்ல. சின்னப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம் இது. மேகம் இறங்கி, பனியும் வானமும் ஒரே வெள்ளையா ஆயிட்டா முன்னாடி ஏத்தமா இறக்கமான்னுகூடத் தெரியாது, நான் ஒரு தடவை அப்படி மாட்டியிருக்கேன், வழி காட்ட நட்டு வச்சிருக்குற அடுத்த கம்பத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தேன். அதனால எங்க போறோம், எப்ப வருவோம்னு யார்கிட்டயாவது சொல்லிட்டுக் கிளம்புங்க. ஆபத்துன்னா ஆம்புலன்ஸ் 113, போலீஸ் 112.

ஹித்தேல தங்குறது

புக் பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. தண்ணியும் கரன்டும் உள்ள இருக்கா, பழைய ஹித்தேன்னா கழிப்பறை வெளியில தனிக் குடிசையா இருக்கும். குளிர்காலத்துல வீட்டு வாசல் வரைக்கும் பனி அள்ளின சாலை இருக்கா, இல்லன்னா சாமானை இழுத்துட்டு நடக்கணும். பெட்ஷீட், துண்டு கொடுப்பாங்களா, பெரும்பாலும் நாமதான் கொண்டு போகணும். ஜக்கூசி வச்ச பெரிய பெரிய வீடெல்லாம் இப்ப வந்திருக்கு, ஆனா கூரையில புல்லு வளர்ந்த சின்ன மர வீடு கிடைச்சா அதை எடுங்க, அந்த அடுப்புச் சூடும் மர வாசனையும் வேற.

உள்ள நுழையும்போது ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கும், சூடாக மணிக்கணக்குல ஆகும், சில ஹித்தேல முன்னாடியே ஃபோன்லேர்ந்து ஹீட்டரைப் போட்டு வைக்கலாம், ஓனர்கிட்ட கேளுங்க. விறகு அடுப்பு மூட்டும்போது காத்து வர்ற வால்வை முழுசா திறந்து, சின்னச் சுள்ளியை மேல வச்சு மேலேர்ந்து பத்த வைங்க, புகை கம்மியா வரும். நல்லா பிடிச்ச அப்புறம் வால்வைக் குறைக்கலாம், முழுசா மூடக் கூடாது, மூடினா விஷவாயு வீட்டுக்குள்ள திரும்பும். சாம்பலை இரும்பு வாளியில மட்டும் போடுங்க, ஆறின மாதிரி தெரிஞ்சாலும் உள்ள கங்கு இருக்கும்.

கிளம்புற அன்னிக்கு சுத்தம் பண்றது உங்க வேலை, அதுக்கு ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. தரை துடைச்சு, குப்பையைத் தொட்டியில போட்டு, அடுத்தவங்களுக்கு விறகு உள்ள எடுத்து வச்சு, ஓனர் சொல்லியிருந்தா தண்ணி மெயின் வால்வை மூடி குழாயைத் திறந்து விட்டுட்டு வாங்க, இல்லன்னா பைப்ல தண்ணி உறைஞ்சு வெடிச்சுடும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இ6ல தெற்க வர்ற வண்டி வரிசையா நிக்கும், ஒண்ணு மதியத்துக்கு முன்னாடி கிளம்புங்க, இல்ல சாப்பிட்டு ஏழு மணிக்கு மேல. வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அசதியா இருந்தாலும் ஸ்கீயைப் பையிலேர்ந்து எடுத்துத் துடைச்சு நிக்க வைங்க, ஷூல நியூஸ்பேப்பரைத் திணிச்சு வைங்க, மறுநாள் பூஆல திருப்பிக் கொடுக்கும்போது காஞ்சிருக்கும்.